ஏர்பேக் விளக்கு அணையவில்லையா, சீட் பெல்ட் பூட்டவில்லையா? தமிழ்நாடு - கேரள எல்லையோரக் கார்க்காரர்களுக்கு ரீகால் விதி

சாவியைத் திருப்பியதும் எரியும் ஏர்பேக் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கட்டுப்பாட்டு யூனிட் ஏதோ ஒரு பழுதைக் கண்டிருக்கிறது. அந்த நிலையில் மோதினால் பை விரியும் என்று நம்ப முடியாது. சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாத பெல்ட்டும், மாட்டிய பிறகு கழன்று வரும் பக்கிளும் அதே அளவு ஆபத்தானவை.

இது கம்பெனி தயாரிப்பிலேயே வந்த கோளாறு என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு துணைக்கு வரும். 2019 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு இது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் உரிமையாளர்கள் புகார் கொடுத்தால் வண்டிகளைத் திரும்ப அழைக்க (இதுதான் ரீகால்) மத்திய அரசு உத்தரவிடலாம். அந்த வகைக் கார் ஆண்டுக்கு 500 வரை விற்றிருந்தால் 20 சதவீதம் அல்லது 100 புகார். 501 முதல் 10,000 வரை என்றால் 1,050. அதற்கு மேல் 1,250. கம்பெனி பழுதைச் சரிசெய்ய வேண்டும், அல்லது வேறு வண்டி தர வேண்டும், அல்லது முழு விலையைத் திருப்ப வேண்டும். அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை. கம்பெனி தானே கண்டுபிடித்து அறிவித்தால் அபராதம் கிடையாது.

ஷோரூமில் எத்தனை முறை சண்டை போட்டாலும் இந்தக் கணக்கில் ஒன்றுகூடச் சேராது. மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் உள்ள ரீகால் பக்கத்தில் பதிவு செய்தால்தான் சேரும். ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு பதிவு செய்யுங்கள். வண்டி கே.எல். எண்ணா, டி.என். எண்ணா என்பது இங்கே பொருட்டே இல்லை.

ஆனால் வேறொரு இடத்தில் எல்லை நம்மைப் பிடிக்கிறது. கோவையிலோ பொள்ளாச்சியிலோ பழைய கார் வாங்கி, பெயர் மாற்றாமலே கேரளத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மூணாறு, குமுளிப் பக்கம் ஓட்டுபவர்கள் நிறைய. கம்பெனியின் ரீகால் கடிதம் முதல் உரிமையாளருக்குப் போய்விடும். பதிவு எண் மாறினாலும் சேசிஸ் எண் மாறாது என்பதால், கம்பெனி இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து நீங்களே பாருங்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். அப்போது புதிய முகவரியும் ஆர்.சி.யில் ஏறிவிடும்.

இப்படி அறிவித்தவை கொஞ்சமல்ல. 2022 டிசம்பரில் மாருதி 9,125 கார்களை முன்சீட் பெல்ட்டின் தோள் உயர அட்ஜஸ்டருக்காக அழைத்தது. அடுத்த மாதமே ஏர்பேக் கன்ட்ரோலருக்காக 17,362 கார்கள். அதை மாற்றும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்றும் சொன்னது. ரீகால் வேலை இலவசம். தமிழ்நாட்டில் வாங்கிய காரை அந்தக் கம்பெனியின் பாலக்காடு சர்வீஸ் சென்டரிலும் சரிசெய்துகொள்ளலாம்.

எல்லாக் கோளாறும் கம்பெனிக் கோளாறு ஆகாது. சீட்டுக்கு அடியில் உள்ள ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டர், சீட் கவர் போடும்போதோ சாமான் திணிக்கும்போதோ தளர்ந்துவிடும். இடுக்கி மழை ஈரத்தில் அதன் பின்கள் பச்சை பிடிக்கும், எலி வயரைக் கடிக்கும். ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் கேபிள் அறுந்தால் ஹாரனும் சேர்ந்து நிற்கலாம். ஆகவே ஸ்கேன் செய்து பழுதுக் குறியீட்டை ஒர்க்‌ஷாப் தரும் வேலைச் சீட்டில் (ஜாப் கார்டு) எழுதி வாங்குங்கள். ‘செக் செய்தோம், ஓகே’ என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். எரியும் விளக்கையும் கிலோமீட்டரையும் ஒரே படத்தில் எடுத்துவையுங்கள். விளக்கை அணைப்பதற்காக வெளி மெக்கானிக் ரெசிஸ்டர் (யூனிட்டை ஏமாற்றும் சிறு மின்தடை) வைக்கிறேன் என்றால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்: விளக்கு அணையும், பை விரியாது, உங்கள் வழக்கும் பலவீனமாகும்.

ரீகால் உத்தரவு எல்லோருக்கும் பொதுவானது. உங்கள் ஒருவரின் நஷ்டத்துக்கு நுகர்வோர் ஆணையம்தான் வழி. முதலில் 1915 உதவி எண்ணில் பதியலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்; 5 லட்சம் வரை கட்டணமில்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. கார் வாங்கிய ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. கோவையில் வாங்கிய காருக்கு நீங்கள் குடியிருக்கும் பாலக்காடு மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு.

விபத்தில் பை விரியவில்லை என்றால் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஹூண்டாய் வழக்கில் தந்த தீர்ப்பு கைகொடுக்கும். வேகத்தையும் விசையையும் கணக்குப் போட வாங்குபவர் இயற்பியல் நிபுணர் அல்ல. முன்பக்கம் மோதினால் பை விரியும் என்றுதான் அவர் நம்புவார் என்றது நீதிமன்றம். அப்படிப்பட்ட வண்டியைப் படமெடுத்து முடிக்கும் முன் ஒர்க்‌ஷாப்பில் பிரிக்க விடாதீர்கள். ஏர்பேக் கட்டுப்பாட்டு யூனிட்டை எடுத்து எறியவும் அனுமதிக்காதீர்கள். பல கார்களில் மோதலின் பதிவு அதற்குள்தான் இருக்கிறது. ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, சோதிக்க அந்தப் பாகம் கையில் இருக்க வேண்டும்.