சினாரியோ: முன்கணிப்பு அல்ல, வருநிலை

காடுகளின் எதிர்காலம் குறித்த ஆய்வறிக்கைகளில் 'சினாரியோ' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். எதிர்காலம் இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம் என்று வரைந்து பார்க்கும் வழிகளில் ஒன்றுதான் சினாரியோ. இதற்குத் தமிழில் 'சூழல்' என்றோ 'காட்சி' என்றோ எழுதினால் பொருள் மங்குகிறது. 'முன்கணிப்பு' என்று எழுதினால் பொருளே தவறிவிடுகிறது.

சொல்லின் வேர் நாடகத்தில் இருக்கிறது. கிரேக்கத்தில் 'ஸ்கேனே' என்றால் கூடாரம். அரங்கின் பின்புறம் நடிகர்கள் உடை மாற்றும் குடிலுக்கு ஆகிவந்த அந்தப் பெயர், லத்தீன் வழியாக இத்தாலியனுக்குப் போய் 'ஷெனாரியோ' ஆனது. பழைய இத்தாலிய நகைச்சுவை நாடகக் குழுக்களிடம் எழுதிய வசனம் கிடையாது. யார் எப்போது மேடைக்கு வருவார், என்ன சிக்கல் எழும் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். பேச்சை நடிகர்களே மேடையில் கட்டிக்கொள்வார்கள். அந்தக் குறிப்புக்குத்தான் இந்தப் பெயர். 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் ஹெர்மன் கான் இதை அணு ஆயுதப் போர் பற்றிய ஆய்வுக்குக் கொண்டுவந்தார். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் 1970-களில் இதைத் தொழில் திட்டமிடலுக்குப் பழக்கினார்.

வனத்துறை இதைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. சுவீடனின் விசிங்சோ தீவில் 1830-களில் கடற்படைக்காக ஓக் மரங்கள் நட்டார்கள். போர்க்கப்பல் என்றால் மரக்கப்பல் என்றிருந்த காலம். மரங்கள் வெட்டுக்குத் தயார் என்ற தகவல் கடற்படைக்குப் போனது 1970-களில். அதற்குள் கப்பல்கள் எஃகுக்கு மாறி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நட்டவர்கள் முட்டாள்கள் அல்லர். ஒரே ஒரு எதிர்காலத்தைத்தான் கணக்கில் வைத்திருந்தார்கள்.

வட ஐரோப்பாவில் இன்று நடும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் கன்று பெரும்பாலும் 60 முதல் 100 ஆண்டு கழித்தே வெட்டுக்கு வரும். அதற்குள் என்னென்ன நடக்கலாம்? மரக் கட்டடங்கள் பெருகலாம். நார்வேயில் 2019-இல் கட்டி முடிந்த மியோஸ்தோர்னெட் என்ற கட்டடம் 85 மீட்டர் உயரத்துக்கு மரத்தாலேயே நிற்கிறது. செய்தித்தாள் சுருங்கியதுபோல மற்றத் தாள்களும் சுருங்கி, மரக்கூழ் துணி இழைக்குப் போகலாம். கரியமில வாயுவைத் தேக்கி வைப்பதற்கென்றே காட்டை வெட்டாமல் விடச் சொல்லலாம். அல்லது வறட்சியும் மரப்பட்டையைத் துளைக்கும் பட்டை வண்டும் முந்திக்கொள்ளலாம்: 2018-க்குப் பிறகு ஜெர்மனியிலும் செக் குடியரசிலும் ஸ்ப்ரூஸ் காடுகள் அப்படித்தான் பெரும்பரப்பில் காய்ந்தன. இந்த நான்கையும் தனித்தனியே விரித்து, எந்த மரக்கலவையை நட்டால் எல்லாவற்றிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்று பார்ப்பதே சினாரியோ ஆய்வு.

இதற்கு 'வருநிலை' என்பது என் தேர்வு. 'வரும் நிலை' என்று பிரித்தால் வந்தே தீரும் என்று ஒலிக்கிறது. 'வருநிலை' வினைத்தொகை, காலம் மறைந்து நிற்பதால் அந்த உறுதி தளர்கிறது. பன்மையும் இயல்பாக ஏற்கிறது, அது முக்கியம்: முன்கணிப்பு ஒன்றே ஒன்று இருக்கலாம், வருநிலை ஒன்று மட்டும் இருந்தால் அதற்கு வேலையே இல்லை. நாம் விரும்பும் எதிர்காலத்தைச் சொல்ல 'இலக்கு' இருக்கவே இருக்கிறது. அதையும் இதனோடு குழப்ப வேண்டாம்.

எழுதும்போது வினைச்சொல்லில் கவனம் தேவை. வருநிலைகளை வரையலாம், ஒப்பிடலாம், அவை பலிப்பதில்லை. 'இரண்டாம் வருநிலையில் மரக்கூழின் தேவை குறைகிறது' என்பது சரி. 'மரக்கூழின் தேவை குறையும் என்று வருநிலை சொல்கிறது' என்று எழுதினால் அது ஆரூடமாகிவிடும்.