செர்ஃப் என்றால் பண்ணையடிமை இல்லை

இடைக்கால இங்கிலாந்தைப் பற்றிய தமிழ்க் கட்டுரையானாலும் சரி, தொடர்களின் தமிழ் வசனமானாலும் சரி, பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டு கிடந்த உழவரைக் குறிக்கும் செர்ஃப் என்ற ஆங்கிலச் சொல் வரும் இடத்தில் யோசிக்காமல் ‘பண்ணையடிமை’ என்று போட்டுவிடுகிறார்கள். சில இடங்களில் பண்ணையும் போய் வெறும் ‘அடிமை’. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

லத்தீனில் செர்வுஸ் என்றால் அடிமைதான், அதுதான் பிரெஞ்சு வழியாக செர்ஃப் என்று வந்தது. ஆனால் வேரில் இருந்த பொருள் அப்படியே நிற்கவில்லை. 1086-இல் இங்கிலாந்தில் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே பதிவேட்டிலேயே அடிமைகள் தனி, வில்லானுஸ் என்ற கிராமத்து உழவர்கள் தனி. அதில் சுமார் பத்தில் ஒருவர்தான் அடிமை, அந்த அடிமை முறையும் அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் மங்கிவிட்டது. பிறகு நிலத்தோடு கட்டுண்டு கிடந்த உழவரை ஆங்கிலச் சட்டம் வில்லெய்ன் என்றது. நம் சினிமா வில்லன் இந்தச் சொல்லின் வாரிசுதான், உழவரைப் பற்றிய மேட்டுக்குடியின் இளக்காரம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது ‘பண்ணையடிமை’க்கு வருவோம். பண்ணை என்றால் பிரபுவின் சொந்தச் சாகுபடி நிலம். செர்ஃப் அங்கே வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூலியில்லாமல் உழைத்தான், சரி. மிச்ச நாளில் யார் நிலத்தை உழுதான்? தன் கைவசம் இருந்த கீற்று நிலங்களை. அவனுக்கு வீடு உண்டு, மாடு உண்டு. மகளுக்குக் கல்யாணம் என்றால் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும், அவன் செத்தால் இருப்பதிலேயே நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவார். கொடுமைதான், ஆனால் எதுவுமே சொந்தமில்லாதவனிடம் இப்படி வசூலிக்க முடியுமா? பிரபுவைத் தவிர மற்ற எல்லோர் முன்பும் சட்டப்படி அவன் சுதந்திரமானவன். ‘பண்ணையடிமை’ என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் வருவது பழைய தஞ்சாவூர்ப் பண்ணையாள், அவருடைய துயரம் வேறு, அதில் சாதி இருந்தது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இரண்டுமே விளங்காமல் போகும்.

இங்கிலாந்தில் நடந்த 1381 உழவர் கலகத்தைப் பாருங்கள். உழவர்கள் போன இடமெல்லாம் பிரபுக்களின் நீதிமன்றச் சுருள்களைத் தேடி எரித்தார்கள். அவர்களுடைய கடமைகள் எல்லாம் எழுதியிருந்தது அதில்தான். லண்டனை ஒட்டிய மைல் எண்டில் 14 வயது அரசர் இரண்டாம் ரிச்சர்டிடம் அவர்கள் கேட்டது நிலத்தோடு கட்டிவைக்கும் முறை ஒழிய வேண்டும், நிலத்துக்கு ஏக்கருக்கு நான்கு பென்ஸ்தான் வாடகை என்பது. வாடகை பேரம் பேசுகிறவர்களை அடிமைகள் என்று எழுதினால் அந்தக் கோரிக்கையே புரியாது. ஒப்புக்கொண்ட அரசர் ஜூலையில் வாக்கை ரத்து செய்தார் என்பது வேறு கதை.

என் தேர்வு ‘கட்டுக்குடி’. குடியானவன், குடிவாரம் என்று உழுது பங்கு கொடுப்பவருக்கு ‘குடி’ நம்மிடம் ஏற்கெனவே புழங்குகிறது, ‘கட்டு’ அவன் இடம்பெயர முடியாததைச் சொல்லிவிடுகிறது. புதுச்சொல்லாயிற்றே என்று தயங்குகிறவர்கள் ‘கட்டுண்ட குடியானவர்’ என்றாவது எழுதலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேனர் என்றால் ‘மாளிகை’ என்று எழுதுகிறார்கள். அது பிரபுவின் நிலம், ஊர், வழக்கு மன்றம் எல்லாம் சேர்ந்த ஆளுகை. ‘மாளிகை நீதிமன்றம்’ என்று படிக்கும் பிள்ளைக்கு என்ன தோன்றும்? அப்புறம், அந்தக் கூலியில்லா வேலையை ‘இலவச உழைப்பு’ என்கிறார்கள், பிரியப்பட்டுச் செய்தது போல. சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று அதற்கு அழகான சொல் இருக்கிறது, எடுத்துப் போடுங்கள்.