காரைக்குடி பின்கோடுகளைக் காரணிப்படுத்துவது எப்படி?

630001, 630002, 630003 மூன்றும் காரைக்குடியின் பின்கோடுகள். அழகப்பா பல்கலைக்கழக முகவரியில் வருவது 630003. அஞ்சல் துறைக்கு மூன்றும் ஒரே ஊர்தான். ஆனால் காரணிகளைப் பார்த்தால் 1ஐத் தவிர இவற்றுக்குப் பொதுவாக எதுவுமே கிடையாது. இரண்டு எண்களை வகுக்கும் எண் அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தாக வேண்டும். இங்கே வித்தியாசம் 1 அல்லது 2. இரட்டைப்படை எண்ணோ 630002 ஒன்றுதான்.

காரணி தேடுவதற்கு 630000 நல்ல தொடக்கம். அது 2⁴ × 3² × 5⁴ × 7. ஆகவே 7ஆல் வகுத்தால் நம் மூன்று எண்களுக்கும் மீதி 1, 2, 3 என்று வரும். 5க்கும் அப்படியே. 630002ஐ 2 வகுக்கும், 630003ஐ 3 வகுக்கும். இவ்வளவும் வகுக்காமலே தெரிந்துவிடுகிறது.

இனி 11 முதல் ஒவ்வொரு பகா எண்ணாலும் 630001ஐ மட்டும் வகுத்து மீதியைக் குறித்தால் போதும். மற்ற இரண்டுக்கும் அந்த மீதியோடு 1, 2 கூட்டிக்கொள்ளலாம். 11ஆல் வகுக்க மீதி 9, 17ஆல் வகுக்க மீதி 15. இரண்டு கூட்டினால் நிறைவதால், இவை இரண்டும் 630003இன் காரணிகள். 19க்கு மீதி 18, 59க்கு மீதி 58. இவை 630002க்குச் சேரும். ஒரே வகுத்தல் மூன்று எண்களுக்கு வேலை செய்வது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

630003 = 3 × 11 × 17 × 1123
630002 = 2 × 19 × 59 × 281

1123இன் வர்க்கமூலம் 34ஐத் தொடாது. 31 வரை பார்த்தும் வகுபடவில்லை என்றால் அது பகா எண்தான்.

பலரும் தவறுவது 630001இல். ஒற்றைப்படை, இலக்கக் கூட்டுத்தொகை 10, கடைசி இலக்கம் 1. 61 வரை எதுவும் வகுக்காது. அங்கேயே அலுத்துப்போய்ப் பகா எண் என்று எழுதிவிடுவார்கள். அப்படிச் சொல்ல வேண்டுமானால் வர்க்கமூலமான 793 வரை, அதாவது 138 பகா எண்களையும் பார்த்திருக்க வேண்டும். இங்கே அடுத்த படியிலேயே விடை இருக்கிறது: 67 × 9403.

பெருக்கலைச் சரிபார்க்க இலக்கங்களைக் கூட்டி 9இன் மீதி பார்ப்பது வழக்கம். 67க்கு 4, 9403க்கு 7. பெருக்கினால் 28, மீதி 1. 630001க்கும் 1. ஆனால் 9403ஐ 9430 என்று மாற்றி எழுதியிருந்தாலும் இதே விடைதான் வரும். செட்டிநாட்டுப் பேரேடுகளானாலும் இன்றைய கணக்குப் புத்தகமானாலும், இலக்கம் இடம் மாறும் பிழை எப்போதும் 9இன் மடங்காகவே இருக்கும். அதனால் 11இன் மீதியையும் பாருங்கள்: 67க்கு 1, 9403க்கு 9, 630001க்கு 9. 9430 என்றால் மீதி 3 ஆகிவிடும். பிழை உடனே பிடிபடும்.