"நான் அந்த அர்த்தத்தில் சொல்லலையே மேடம்"

இந்த ஆண்டில் இதே வாக்கியத்தை நான்காவது முறையாகக் கேட்டுவிட்டேன். வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க அலுவலகங்களில் இருக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராக உட்காரும் வழக்கறிஞர் நான். விசாரணை விவரங்களை வெளியே சொல்லச் சட்டம் அனுமதிக்காது. ஆள், இடம் எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

கணக்குப் பிரிவில் ஒரு பெண். "சார், டேலி ஆகல" என்பார். மேலாளர் உடனே, "நாம ரெண்டு பேரும் தனியா உட்கார்ந்தா தன்னால டேலி ஆயிடும்" என்பார். அறையே சிரிக்கும். மாதக்கணக்கில் இதுதான் நடந்தது. கடைசியில் அந்தப் பெண் டேலி என்ற சொல்லையே விட்டுவிட்டார். "கணக்கு ஒத்துவரல" என்று துண்டுச்சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாராம். நாள் முழுக்கப் புழங்கும் தொழிற்சொல், அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போயிற்று.

"கணக்கைத்தான் சொன்னேன், வேற அர்த்தம் எடுத்தது அவங்க மனசு" என்றார் மேலாளர். அப்புறம், "வீட்டுல டேலி ஆகாதவன்னு என்னையேதான் கிண்டல் பண்ணிக்கிட்டேன்" என்றார். அதுவும் போதாமல், "காளமேகப் புலவர் பாடாத சிலேடையா?"

காளமேகத்தை இதில் இழுக்காதீர்கள். பாம்புக்கும் எள்ளுக்கும் அவர் பாடிய வெண்பாவின் இரண்டு பொருளையும் வகுப்பறையில் உரக்க விளக்கலாம். "உங்கள் வாக்கியத்தின் இரண்டு பொருளையும் இங்கே விளக்குங்கள்" என்றேன். ஒன்றை விளக்கினார். மற்றதற்குத் தலை குனிந்தார். கணக்கை மட்டும் சொன்னவருக்குத் 'தனியா' எதற்கு? அறை எதற்காகச் சிரித்தது? உங்களையே கிண்டல் செய்துகொண்டாலும், அந்தக் கிண்டலுக்குள் அந்தப் பெண்ணையும் கேட்காமல் இழுத்து வைத்தீர்களே!

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தில் 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' என்றே இருக்கிறது. பாலியல் சாயல் கொண்ட பேச்சும் அதில் அடக்கம். கேட்டவருக்கு அது விரும்பத்தகாததா என்பதுதான் கேள்வி. நோக்கத்தைவிடச் செயலுக்கே இந்தச் சட்டம் முக்கியத்துவம் தருகிறது என்று 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சரி, பெண்களே: தேதி, சொன்ன சொற்கள், உடன் இருந்தவர்கள், எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுங்கள். 10 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடமென்றால் மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. "அப்போ நானும் சிரிச்சுச் சமாளிச்சேனே" என்று தயங்காதீர்கள். பயத்தில் வரும் சிரிப்பு சம்மதம் ஆகாது.

உடன் வேலை செய்பவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். விசாரணைக்குக் கூப்பிட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அந்த அறையில் இருந்த நான்கு பேருக்கு "ஞாபகம் இல்லை". டீ வாங்கி வரும் தம்பி மட்டும் வந்து உட்கார்ந்தார். "நானும்தான் சிரிச்சேன் மேடம். அந்த அக்கா அன்னைக்கு டீயை அப்படியே வச்சுட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் நான் சிரிக்கல."