பழைய பாலத்தைப் புதுப்பிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தின் மோர்பி நகரில், மச்சு ஆற்றின் மீதிருந்த தொங்குபாலம் அறுந்து விழுந்து 135 பேர் உயிரிழந்தனர். சமஸ்தானக் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட அந்தப் பாலம், பல மாதங்கள் மூடப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு, மீண்டும் திறக்கப்பட்ட நான்காவது நாளில் விழுந்தது. பாலம் பழையது, அதனால் விழுந்தது என்ற பேச்சே அப்போது அதிகம் கேட்டது. ஆனால் மாநில அரசு அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழு கண்டறிந்தவற்றைப் பார்த்தால், வயதைவிடப் புதுப்பித்தலின்போது எடுக்கப்பட்ட முடிவுகளே கண்ணில் படுகின்றன.

முதன்மை வடம் ஒன்றில் இருந்த 49 கம்பிகளில் 22 துருப்பிடித்திருந்தன. அவை விபத்துக்கு முன்பே அறுந்திருக்கலாம் என்று குழு கருதியது. அந்த வடம் மாற்றப்படவில்லை. மாற்றப்பட்டது நடைதளம். தனித்தனி மரப்பலகைகள் இருந்த இடத்தில், ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட அலுமினியத் தகடுகள் வந்தன. அதனால் பாலத்தின் சொந்த எடையும் கூடியது. நடைதளத்தை வடத்தோடு இணைக்கும் பழைய தொங்குகம்பிகளோடு புதிய கம்பிகள் பற்றவைக்கப்பட்டிருந்தன. திறப்பதற்கு முன் எடைச் சோதனை நடத்தப்படவில்லை. நடப்பவர்கள் காலடியில் தெரியும் பகுதி புதிதாயிற்று, அவர்களைத் தாங்கும் பகுதி பழையபடியே இருந்தது என்பதுதான் இதன் சாரம்.

பாலப் பொறியாளர்கள் இரண்டு வகைப் பாரங்களைப் பிரித்துப் பார்க்கிறோம். பாலம் தன்னைத்தானே சுமக்கும் நிலைப்பாரம் ஒன்று. மனிதர்களும் வண்டிகளும் தரும் நகர்பாரம் மற்றொன்று. வடமோ இரும்புச் சட்டகமோ தாங்கக்கூடிய மொத்த அளவு மாறாதபோது, நிலைப்பாரத்தில் சேர்க்கும் ஒவ்வொரு கிலோவும் நகர்பாரத்துக்கான இடத்திலிருந்துதான் கழிகிறது. இது சாலைப் பாலங்களுக்கும் பொருந்தும். 50 மில்லிமீட்டர் தார்க்கலவை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 115 முதல் 120 கிலோ எடை கொண்டது. பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் போடும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால், பழைய இரும்புப் பாலம் ஒன்று யாரும் கணக்கிடாத ஒரு சுமையை நிரந்தரமாகச் சுமக்கத் தொடங்கிவிடும்.

கல்வளைவுப் பாலங்களின் கதை வேறு. அங்கே எடை ஓரளவு நன்மையே செய்கிறது. வளைவின் மேல் நிரப்பிய மண்ணும் கல்லும் அழுத்துவதால்தான் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து நிற்கின்றன. அத்தகைய பாலத்துக்கு முதல் பகை தண்ணீர். மழைநீர் வெளியேறுவதற்காக விடப்பட்ட துளைகள் தார் பூசும்போதோ குப்பை சேர்ந்தோ அடைபட்டால், உள்நிரப்பு ஊறிக் கனத்து, பக்கச் சுவர்களை வெளியே தள்ளும். சுவர் வயிறு தள்ளி நிற்பதைக் கண்டதும் சிமெண்ட் பூச்சு கேட்டு மதிப்பீடு தயாராகிவிடுகிறது. அடைபட்ட துளையைத் திறக்கும் சில ஆயிரம் ரூபாய் வேலை அந்த மதிப்பீட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை.

சிமெண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய கட்டுமானங்களில் உள்ள சுண்ணாம்புச் சாந்து, கல்லையும் செங்கல்லையும் விட மென்மையானது. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் அசைவுக்கு இடம்கொடுக்கும், சிறு விரிசல்களை ஓரளவு தானே அடைத்துக்கொள்ளும், உள்ளே புகுந்த ஈரத்தை மூச்சுவிடுவது போல வெளியேற்றும். அந்த இணைப்புகளைத் தோண்டிச் சிமெண்ட் கலவையை நிரப்பினால், சுற்றியுள்ள கல்லைவிடக் கடினமான, நீர் எளிதில் புகாத ஒரு விளிம்பு உருவாகிறது. ஈரம் சாந்து வழியே வெளியேற முடியாமல் கல் வழியே வெளியேறும்; அதோடு வரும் உப்பு கல்லின் முகத்தைப் பொரித்து உதிர்க்கும். சாந்து தேய்ந்து கல் பிழைப்பதுதான் பழைய ஏற்பாடு. சிமெண்ட் போட்டபின் சாந்து நிலைத்துக் கல் தேய்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை என்ற வாதத்தை நான் அடிக்கடி கேட்கிறேன். கோயில் திருப்பணிகளில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்கள் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கும் மாநிலத்தில், அந்த வாதத்தை முழுதாக ஏற்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

இனி கண்ணுக்குத் தெரியாத பகுதி. பல பாலங்களின் முடிவு ஆற்றுப்படுகையில் எழுதப்படுகிறது. 2016 ஆகஸ்டில் மும்பை–கோவா நெடுஞ்சாலையில், மகாட் அருகே சாவித்திரி ஆற்றின் மீதிருந்த பிரிட்டிஷ் காலக் கல்வளைவுப் பாலம் இரவு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பாலம் போனது தெரியாமல் வந்த பேருந்துகள் ஆற்றில் விழுந்தன. திருச்சியில் 1928இல் கட்டப்பட்ட கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தன. அருகில் புதிய பாலம் வந்துவிட்டதால் அப்போது அதில் போக்குவரத்து இல்லை. பின்னர் அது முழுவதுமாக இடிக்கப்பட்டது. வெள்ளம் தூணைச் சுற்றி மணலை வாரிச் செல்வதும், மணல் எடுப்பால் படுகையே தாழ்ந்து போவதும் சேரும்போது, ஒரு காலத்தில் போதுமான ஆழத்தில் இருந்த அடித்தளம் மேலோட்டமானதாகிவிடுகிறது. மேலே வண்ணம் அடித்து விளக்குப் போடுவதற்கு நிதி கிடைக்கும் அளவுக்கு, படுகையின் மட்டத்தை அளப்பதற்குக் கிடைப்பதில்லை.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் 1779இல் எழுப்பப்பட்ட வார்ப்பிரும்புப் பாலத்தை இந்த இடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. செவர்ன் ஆற்றின் இரு கரைகளும் நகர்ந்து பாலத்தை நெருக்கிக்கொண்டிருந்தன. 1934இலேயே வாகனங்களுக்கு அது மூடப்பட்டது. 1970களில் கரைகளை விலக்கி நிறுத்துவதற்காக, நீருக்கடியில் படுகை நெடுகக் கான்கிரீட் தாங்கல் ஒன்று கட்டப்பட்டது. இரும்பு வளைவுக்கு மேலும் எடை ஏற்றி அதை வலுப்படுத்த முயலாமல், சிக்கல் கரையில் இருப்பதைக் கண்டறிந்து அங்கேயே செலவிட்டார்கள். மேலே நடந்து செல்பவர்களுக்கு அந்தப் பணி தெரிவதே இல்லை.

ஊர்ப் பாலம் ஒன்றைப் புதுப்பிக்கப் போவதாக அறிவிப்பு வரும்போது, உள்ளாட்சி உறுப்பினரோ ஊர்ப் பெரியவரோ கேட்கக்கூடிய கேள்விகள் எளியவை. புதிய தளம் பழையதைவிட எவ்வளவு கனமானது? தாங்கும் உறுப்புகளைத் திறந்து சோதித்தவர் யார், அந்த அறிக்கை எங்கே? பழைய வார்ப்பிரும்பிலும், அடித்து உருவாக்கிய தேனிரும்பிலும் பற்றவைப்பு செய்யப்போகிறார்களா, அதற்கு உலோகப் பரிசோதனை நடந்ததா? வடிகால் துளைகள் மதிப்பீட்டில் உள்ளனவா? கடைசி வெள்ளத்துக்குப் பிறகு தூண்களின் அருகே படுகை மட்டம் அளக்கப்பட்டதா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வரும்வரை, வண்ணத்தின் நிறத்தையும் திறப்பு விழாவின் தேதியையும் முடிவு செய்யாமல் இருப்பது நல்லது.