உந்துபொறி இழுக்கிறதாம்!

போன வாரம் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோடு தாண்டி ஒரு கூட்ஸ் வண்டி போனது. மேலே கரண்ட் கம்பி ஓடும் பாதையில் டீசல் இன்ஜின். அதுவும் பயணிகள் ரயிலுக்கென்றே செய்த டபிள்யூடிபி-4டி. பைக்கை ஓரம் கட்டிவிட்டு வண்டி முழுக்கக் கடக்கும் வரை நின்று பார்த்தேன். ராத்திரி அக்கா மகன் அதே வண்டியின் வீடியோவை அனுப்பினான். கீழே எழுதியிருந்த வரி: ‘பயணிகள் உந்துபொறி சரக்கு ரயிலை இழுக்கும் அரிய காட்சி’.

உந்துபொறி இழுக்கிறதாம்! எழுதியவருக்கு இடிக்கவே இல்லை. லோகோமோட்டிவுக்குத் தமிழ் என்று போடும் இந்த ‘உந்துபொறி’யை எத்தனை தடவைதான் பார்ப்பது?

லோகோமோட்டிவ் என்பதில் லத்தீனின் ‘இடம்’, ‘நகர்வு’ இரண்டும் ஒட்டியிருக்கின்றன. தொடக்கக்கால நீராவி இன்ஜின்கள் சுரங்கத்தில் ஒரே இடத்தில் நின்று தண்ணீர் இறைத்தவை. 1804இல் ட்ரெவிதிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அதைச் சக்கரத்தில் ஏற்றித் தண்டவாளத்தில் ஓடவிட்டார். நிற்கும் இன்ஜினிலிருந்து பிரித்துச் சொல்ல ‘இடம்பெயரும் இன்ஜின்’ என்றார்கள். பிறகு ‘இன்ஜின்’ உதிர்ந்து அடைமொழியே பெயராகிவிட்டது. டீசல் என்பது ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன்காரரின் பெயர். ஆள் பெயரைத் தமிழாக்க வேண்டியதில்லை, விட்டுவிடலாம்.

உந்துதல் என்றால் தள்ளுதல். பேருந்தில் அந்த ‘உந்து’ பொருந்துகிறது. தன்னைத் தானே தள்ளிக்கொண்டு போகிறது. ரயில் இன்ஜினின் வேலை தான் நகர்வதல்ல, பின்னால் கோத்திருப்பதை இழுத்து நகர்த்துவது. அதனால் நான் சொல்லும் பெயர் ‘இழுபொறி’. இன்னொரு சிக்கல்: டபிள்யூடிபி-4டிக்குள்ளே இருக்கும் 16 சிலிண்டர் டீசல் இன்ஜின் சக்கரத்தை நேரடியாகச் சுழற்றுவதில்லை. அது ஆல்டர்னேட்டரைச் சுழற்றும். அதில் கிளம்பும் மின்சாரம் அச்சுக்கு ஒன்றாக இருக்கும் ஆறு மோட்டார்களுக்குப் போகும். மோட்டாருக்குத்தான் ‘உந்து’ என்று ஏற்கெனவே பெயர் வைத்தாயிற்றே! முழு வண்டியும் உந்துபொறி என்றால், அடியில் இருக்கும் ஆறும் என்ன, குட்டி உந்துபொறிகளா?

செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் ரயிலின் வாலில் ஒரு இன்ஜினைக் கோத்துத் தள்ளவிடுவார்கள். ரயில்வேக்காரர்கள் அதை பேங்கர் என்பார்கள். உந்துபொறி என்ற பட்டம் தகுமென்றால் அந்த மாதிரி இன்ஜினுக்குத்தான். ‘அப்போது உன் இழுபொறியும் தோற்றுப்போகுமே’ என்று கேட்பீர்கள். கேளுங்கள். பேங்கர் தள்ளுவது மலையேறும்போது மட்டும், அதுவும் முன்னால் ஒன்று இழுக்கும்போது துணைக்கு. பெயரை அன்றாட வேலையைப் பார்த்து வைக்கவேண்டும். அதனால் எழுத்தில் என் ஓட்டு ‘இழுபொறி’க்கு, பேச்சில் இன்ஜின்.

எந்திரம் என்றாலும் எனக்குச் சண்டையில்லை. வடமொழி யந்திரம்தான், ஆனால் வந்து நாளாயிற்று. ஐங்குறுநூற்றிலேயே கரும்பு பிழியும் எந்திரம் களிற்றுக்கு எதிராகப் பிளிறுகிறது. வாளையார் காட்டில் யானை கடக்கும் இடத்தில் ஹாரன் அடித்தபடி வரும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோர் கிடைக்காது. ஆனால் எந்திரம் என்றால் கிரைண்டரும் எந்திரம்தான். ‘இழுக்கும்’ என்று ஒரு சொல் சேர்த்தால்தான் ரயில் வரும்.

பழைய சொல்லில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே மலையாளிகள் இன்னும் தீவண்டி என்கிறார்கள், நாம் புகைவண்டி என்கிறோம். தீயும் இல்லை, கரிப்புகையும் இல்லை. சொன்ன காலத்தில் இரண்டும் இருந்தன. இன்று புதிதாகச் செய்யும் சொல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. வண்டியின் அடியில் ஒருமுறை குனிந்து பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டினால் இப்படித்தான் ஆகும். ரயில் ஓட்டுநரைக் குறிக்கும் ‘லோகோ பைலட்’டை ‘லோகோ விமானி’ என்று போட்ட செய்தியும் என்னிடம் ஒன்று உண்டு. வாளையாரில் எந்த ரன்வேயோ!

இவ்வளவையும் அக்கா மகனுக்கு போன் போட்டுச் சொன்னேன். “சரி மாமா, இன்ஜின்னே மாத்திடறேன்” என்றான். எந்த இன்ஜின், உள்ளே இருப்பதா முழு வண்டியா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான்.