பயணம் முடிந்த பிறகும் காலைக் கவனியுங்கள்

நீண்ட பயணம் முடிந்து இறங்கும்போது செருப்பு இறுக்கிப் பிடிப்பது பலருக்கும் உண்டு. இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, படுத்தெழுந்ததும் வடிந்துவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு கால் மட்டும் வீங்கினால் அதைச் சாதாரணமாக விடக்கூடாது.

கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் உள்ளிருக்கும் சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களை, பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் உள்ள வால்வுகள் அதைத் திரும்ப இறங்கவிடுவதில்லை. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் இந்த பம்ப் வேலை செய்வதில்லை. போதாததற்கு இருக்கையின் விளிம்பும் முழங்காலுக்குப் பின்னால் அழுத்துகிறது. தேங்கிய ரத்தம் சிலருக்குக் காலின் ஆழத்தில் ஓடும் சிரைக்குள் உறைந்துவிடுகிறது. இதைத்தான் இங்கே ரத்தக்கட்டு என்கிறேன். இது விமானத்தில் மட்டும் வருவதல்ல. பேருந்து, கார், ரயில் எதுவானாலும் 4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே போனால் ஆபத்து ஏறக்குறைய 2 மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அப்போதும் அது சிறிய ஆபத்துதான்: அப்படிப் பயணம் செய்பவர்களில் சுமார் 6000 பேருக்கு ஒருவர்.

ஆனால் முன்பே ரத்தக்கட்டு வந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், புதிதாகப் பிரசவித்தவர்கள், ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ரத்தம் தேங்காதபடி காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறை போடுவதானால், அதைக் கால் அளவெடுத்து வாங்க வேண்டும். மேல் விளிம்பு சுருண்டு கயிறுபோல் இறுக்கினால் அதுவே ரத்தத்தைத் தடுக்கும். காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்புள்ளவர்கள் அதைத் தாங்களாகப் போடவே கூடாது.

மற்றபடி, குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள், முடிந்தபோது எழுந்து நடங்கள். காலுக்கடியில் பையைத் திணிக்காதீர்கள். தூக்க மாத்திரை வேண்டாம், மணிக்கணக்கில் காலை மடக்கியபடியே கிடக்க வைத்துவிடும்.

எனக்கு அதிகம் கவலை தருவது அப்புறம் நடப்பதுதான். ரத்தக்கட்டு பயணம் முடிந்து சில நாள், சில வாரம் கழித்தும் தெரியவரலாம். கெண்டைக்காலில் வலி, சூடு, வீக்கம் வந்ததும் சுளுக்கு என்று நினைத்து அழுத்தி நீவிவிட்டுத்தான் பலர் வருகிறார்கள். தயவுசெய்து நீவாதீர்கள், கட்டு பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். அன்றே மருத்துவரிடம் போங்கள், அவர் கேட்காவிட்டாலும் பயணம் போய்வந்ததைச் சொல்லுங்கள். திடீரென்று மூச்சுத் திணறினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.